ஒரு பானைச் சோறும் பல ஊர் விளைவும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. அரிசியும் உலையும் அடுப்பும் ஒன்றாயிருக்கும்போது அது முற்றும் பொருந்தும். ஆனால், ஊர்கள் ஒரே பானையில் வெந்த சோறு அல்ல. நமது குறிஞ்சிப்பாடி வட்டாரத்திலேயே ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் நிலமும் உண்டு. செம்மண் மேட்டில் முந்திரி காய்க்கும் நிலமும் உண்டு. தறியை நம்பி வாழும் குடும்பங்களும், நெய்வேலிக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்களும் அருகருகே இருக்கின்றன. ஆகவே, ஓர் ஊரில் நற்பயன் தந்த திட்டம் அடுத்த ஊரிலும் அவ்வாறே தரும் என்று எங்ஙனம் துணிவது?

இதற்கு அறிஞர்கள் கண்ட வழியே தொகுப்பாய்வு. மெட்டா அனாலிசிஸ் என்று இதனை ஆங்கிலத்தில் வழங்குவர். ஒரே வினாவைப் பற்றிப் பலர் பல இடங்களில் தனித்தனியே நடத்திய ஆராய்ச்சிகளைத் திரட்டி, அவற்றின் முடிவுகளைக் கணித முறையில் எடைபோட்டு, பொது முடிவு காண்பதே இதன் இலக்கணம்.

இம்முறை வளர்ந்த கதையில் உழவுத் தொழிலுக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் உரத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம் ஒதுக்குவது என்ற வினா எழுந்தது. க்ரௌதர், யேட்ஸ் என்னும் இரு அறிஞர்கள், 1900 முதல் அந்நாட்டிலும் வட ஐரோப்பிய நாடுகளிலும் நடந்த உரச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு 1941இல் வெளியிட்டனர். ஒரு பண்ணையின் அனுபவம் சொல்லவியலாத விடையைப் பல பண்ணைகளின் கணக்கு சொல்லிற்று. பின்னர் 1976இல் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் இம்முறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார்.

இதன் அடிப்படையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். மூன்று ஊர்களில் புதிய மணிலா விதையைச் சோதித்ததாக வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் 2 விவசாயிகள். ஏக்கருக்கு 6 மூட்டை கூடுதல். இரண்டாம் ஊரில் 8 பேர். 2 மூட்டை கூடுதல். மூன்றாம் ஊரில் 10 பேர். 1 மூட்டை கூடுதல். மூன்று ஊர்களையும் சமமாகக் கருதிச் சராசரி கண்டால் 3 மூட்டை வரும். விவசாயிகளின் எண்ணிக்கைக்கேற்ப எடையிட்டால் 38ஐ 20ஆல் வகுக்க, 1.9 மூட்டையே வரும். சந்தையில் பேசப்படுவதோ அந்த 6 மூட்டை! எண்ணிக்கையோடு, சோதனை எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதையும் ஆராய்ச்சியாளர் கருத்திற் கொள்வர்.

அதன்பின் மூன்று வினாக்கள் எழவேண்டும். ஒப்பிடத் தக்கவற்றையே ஒப்பிட்டோமா? ஊருக்கு ஊர் பயன் வேறுபடக் காரணம் மண்ணா, நீரா, பராமரிப்பா? தோல்வியுற்ற சோதனைகளும் கணக்கில் வந்தனவா? இம்மூன்றாவதே மிக முக்கியமானது. வெற்றி பெற்றவர் மேடையேறிப் பேசுவார். தோற்றவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். அவரை விட்டுவிட்டுக் கூட்டிய கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் பிழைபட்டதே.

இம்முறை நம் ஊர்களுக்கு நெருக்கமான ஒரு பொருளிலும் கையாளப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்றன. இத்தகைய குழுக்களால் பெண்களின் ஆற்றல் உயருகிறதா என்பதைப் பல நாடுகளின் ஆராய்ச்சிகளைக் கொண்டு ஆய்ந்த தொகுப்பு ஒன்றைக் கேம்ப்பெல் கூட்டமைப்பு 2015இல் வெளியிட்டது. எண்ணிக்கை வழிப்பட்ட 23 ஆராய்ச்சிகளும், பெண்களின் வாய்மொழியைக் கேட்டறிந்த 11 ஆராய்ச்சிகளும் அதில் இடம்பெற்றன. பொருளாதாரம், சமூகம், அரசியல் ஆகிய துறைகளில் பெண்களின் நிலை உயர்ந்தது என்பது அதன் முடிவு. மனவலிமை உயர்ந்ததற்கு மட்டும் எண்களில் சான்று கிட்டவில்லை. மேலும், மிக வறிய பெண்கள் பொருள் தடையாலும் சமூகத் தடையாலும் குழுக்களில் குறைவாகவே சேர்ந்தனர் என்பதும் அதில் வெளிப்பட்டது.

ஊராட்சி உறுப்பினர்கள் இக்கடைசிச் செய்தியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். குழுவின் கணக்குப் புத்தகத்தில் உள்ளோர் அனைவரும் முன்னேறியிருக்கலாம். புத்தகத்திலேயே இடம்பெறாத வீட்டின் நிலை யாது? சேமிப்புத் தொகை செலுத்த இயலாத கூலிப் பெண்ணை எந்தச் சராசரியும் நமக்குக் காட்டாது.

ஆகவே, அடுத்த கிராம சபை கூடுமுன் ஒவ்வொரு ஊராட்சியும் மூன்று பட்டியல்களைத் தயாரித்துக் கொள்வது நலம்: நடைபெறும் குழுக்கள், கலைந்துபோன குழுக்கள், எக்குழுவிலும் சேராத குடும்பங்கள். கலைந்ததற்கும் சேராததற்கும் காரணத்தை அப்பெண்களிடமே கேட்டு எழுதுக. ஒவ்வோர் ஊரும் ஒரே வினாக்களைக் கேட்டு, ஒரே முறையில் குறித்தால், வட்டாரம் முழுவதற்கும் அவற்றைத் தொகுத்துப் பார்க்க இயலும். அப்பொழுது, கடன் வேண்டிய இடத்திற்குக் கடனும், சந்தா தளர்த்த வேண்டிய இடத்தில் தளர்வும் கிடைக்க வழி பிறக்கும். ஒரு சோற்றைப் பதம் பார்ப்பதோடு நில்லாமல், சோறே எட்டாத இலை எது என்று தேடிக் காண்பதும் ஊராட்சியின் கடமையாகும்.