முக்கோணத்திற்கு இரண்டு பெயர்கள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் முக்கோணத்தின் ஆறு பெயர்களையும் விரைவில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். பக்கங்களைக் கொண்டு சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் என மூன்று. கோணங்களைக் கொண்டு குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என மூன்று. கேட்டால் தடையின்றிச் சொல்வார்கள். ஆனால், வடிவியல் பெட்டியிலுள்ள மூலைமட்டம் ஒன்றை, அதன் நீண்ட பக்கம் கீழே படியும்படி நிறுத்தி, "இது என்ன முக்கோணம்?" என்று கேட்டுப் பாருங்கள். செங்கோணம் இப்பொழுது உச்சிக்குப் போய்விட்டது. பல பிள்ளைகள் விழிப்பார்கள். சிலர் "குறுங்கோண முக்கோணம்" என்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை கூறுவதில் பயனில்லை. பெரும்பாலும் அவர்கள் காணும் படங்களில் செங்கோணம் கீழ் மூலையில்தான் இருக்கும். பிள்ளை கற்றுக்கொண்டது செங்கோணத்தை அன்று, அந்தப் படத்தை! ஹாலந்து நாட்டில் கணிதம் கற்பித்த வான் ஹீலே தம்பதியர், 1957-ஆம் ஆண்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த தம் ஆய்வேடுகளில் இதனை ஆராய்ந்தனர். குழந்தை முதலில் ஒரு வடிவத்தை அதன் மொத்தத் தோற்றத்தால் அறிகிறது. பின்னர் அதன் பண்புகளால் அறிகிறது. அதன் பின்னரே ஒரு பண்புக்கும் மற்றொரு பண்புக்கும் உள்ள தொடர்பை உணர்கிறது. வயது ஏறுவதால் மட்டும் அடுத்த படிக்குச் சென்றுவிட முடியாது. தக்கபடி கற்பித்தால்தான் செல்ல முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

எனவே, வீட்டில் தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித்தரும் மாணவியரே, தாய்மாரே, பெயர்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். செலவு ஏதுமில்லை. ஒரு விளக்குமாறு, சில தாள்கள், ஒரு கத்தரிக்கோல், ஒரு சுண்ணக்கட்டி போதும்.

முதற்படி: செய்தல். தென்னை ஈர்க்குகளை 4, 5, 6, 8, 9, 10 செ.மீ. நீளங்களில் நறுக்கிக்கொள்ளுங்கள். மூன்று ஈர்க்குகளை நுனியோடு நுனி பொருத்தித் தாளின்மேல் வைத்து, மூலைகளில் புள்ளியிட்டு, அளவுகோலால் இணைத்துப் பிள்ளையே வெட்டி எடுக்கட்டும். 10, 10, 10. 10, 10, 6. 6, 6, 10. 8, 9, 10. 6, 8, 10. 5, 6, 10 என ஆறு முக்கோணங்கள் கிடைக்கும். ஏழாவதற்கு, ஒரு சதுரத் தாளை மூலைவிட்டத்தில் மடித்து வெட்டினால் போதும். இடையில் 4, 5, 10 ஈர்க்குகளையும் கொடுத்துப் பாருங்கள். நுனிகள் சேரவே சேரா. இரு சிறிய பக்கங்களும் சேர்ந்து பெரிய பக்கத்தைவிட நீளமாக இருந்தால்தான் முக்கோணம் பிறக்கும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

இரண்டாம் படி: பக்கங்களால் பிரித்தல். "ஒன்றுபோல் உள்ளவற்றைத் தனித்தனியே சேர்த்து வை" என்று மட்டும் சொல்லுங்கள். ஐயமிருந்தால் மடித்துப் பார்க்கட்டும். இருசமபக்க முக்கோணம் ஒரு வகையில் மடித்தால் சரிபாதியாகப் பொருந்தும்; சமபக்க முக்கோணம் மூன்று வகையிலும் பொருந்தும்; அசமபக்கம் எவ்வகையிலும் பொருந்தாது. பிரித்து முடித்த பின் பெயரைச் சொன்னால், அது பிள்ளையின் நெஞ்சில் தங்கும்.

மூன்றாம் படி: கோணங்களால் பிரித்தல். இதற்குப் பாகைமானி வேண்டாம். ஏதேனும் ஒரு தாளை ஒருமுறை மடித்து, அந்த மடிப்புவிளிம்பு அதன்மேலேயே படியுமாறு மறுபடியும் மடித்தால் கிடைக்கும் மூலை செங்கோணம். அதை முக்கோணத்தின் மூலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் செங்கோணம், அதைவிடக் குறுகியிருந்தால் குறுங்கோணம், விரிந்திருந்தால் விரிகோணம். நம் தமிழ்ப் பெயர்களே பொருளைச் சொல்லிவிடுகின்றன அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு மூலை குறுகியிருப்பதைக் கண்டவுடனே "குறுங்கோண முக்கோணம்" என்று பிள்ளை சொல்லிவிடக்கூடும். எல்லா முக்கோணங்களிலும் குறைந்தது இரண்டு குறுங்கோணங்கள் உண்டு. ஆதலால் மிகப் பெரிய மூலையைத்தான் சோதிக்க வேண்டும். அது எப்பொழுதும் மிக நீண்ட பக்கத்திற்கு எதிரே இருக்கும்.

நான்காம் படி: இரண்டையும் சேர்த்தல். நமக்குத் தலைப்பெழுத்தும் பெயரும் இருப்பதுபோல, ஒவ்வொரு முக்கோணத்திற்கும் பக்கத்தால் ஒரு பெயர், கோணத்தால் ஒரு பெயர். ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை. கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட்டும் தம் நூலின் முதற் பகுதியில் இவ்விரு வகைப் பிரிவுகளையும் அடுத்தடுத்து வரையறுத்தார். தரையில் சுண்ணக்கட்டியால் ஒன்பது கட்டங்கள் வரையுங்கள். நிரைகளுக்குப் பக்கப் பெயர்கள். நிரல்களுக்குக் கோணப் பெயர்கள். ஏழு முக்கோணங்களையும் பிள்ளை அவற்றிற்குரிய கட்டங்களில் வைக்கட்டும். 6, 8, 10 அசமபக்கச் செங்கோணத்தில் அமரும். 6, 6, 10 இருசமபக்க விரிகோணத்தில் அமரும்.

எல்லாம் வைத்த பின் இரண்டு கட்டங்கள் வெறுமையாக நிற்கும்: சமபக்கச் செங்கோணம், சமபக்க விரிகோணம். "அவற்றிற்கும் ஒன்று செய்து தா" என்று கேளுங்கள். பிள்ளை முயலும், முடியாது. உடனே விடையைக் கூறிவிடாதீர்கள். ஒரு தாள் முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து அருகருகே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். அவை ஒரு நேர்க்கோட்டின்மேல் இடைவெளியின்றி அமரும். அதுதான் 180 பாகை. சமபக்க முக்கோணத்தில் மூன்று மூலைகளும் சமம். எனவே ஒவ்வொன்றும் 60 பாகையே ஆகும். 90 ஆகவோ அதற்கு மேலாகவோ வழியில்லை. பண்புகளுக்கிடையே உள்ள தொடர்பை இப்பொழுது பிள்ளை தொட்டுவிட்டது.

இறுதியாக, கட்டங்களிலுள்ள முக்கோணங்களைத் திருப்பியும் சாய்த்தும் கவிழ்த்தும் வைத்து மறுபடி பெயர் கேளுங்கள். நாம் நின்றாலும் படுத்தாலும் நம் பெயர் மாறுவதில்லை. முக்கோணத்தின் பெயரும் அப்படியே.

பயிற்சி:

1. வடிவியல் பெட்டியிலுள்ள இரு மூலைமட்டங்களும் எந்தெந்தக் கட்டங்களில் அமரும்?

2. ஒரு முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்கள் இருக்க முடியுமா? ஓர் ஈர்க்கின் இரு முனைகளிலும் வாசற்கால்களைப் போல இரண்டு ஈர்க்குகளை நேராக நிறுத்திப் பார்த்து விடை கூறுக.

3. சமபக்க முக்கோணத்தை இருசமபக்க முக்கோணம் என்றும் அழைக்கலாமா? அதில் சமமான இரண்டு பக்கங்கள் உண்டா என எண்ணிப் பார்த்துக் காரணம் கூறுக.

பெயரை மறந்த பிள்ளைக்கு ஒரு நொடியில் நினைவூட்டிவிடலாம். பார்க்கவும் சோதிக்கவும் காரணம் கேட்கவும் பழகாத பிள்ளைக்கோ, மேல் வகுப்புகளில் தேற்றம் ஒவ்வொன்றும் சுமையாகும். கணக்கென்றாலே அச்சம் பிறக்கும். அந்த அச்சம் வராமல் காப்பதற்கு ஒரு மாலைப் பொழுதும் ஒரு கட்டு ஈர்க்கும் போதும்.