மாத்திரைக்கு ஏன் மூன்று வாரம்?

ஓய்வு பெற்ற மறு வருடம் எனக்கு மனச்சோர்வு வந்தது. தில்லிக் குளிரில் காலை பத்து மணிவரை போர்வையை விட்டு எழ மனம் வராது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "பலன் தெரிய மூன்று, நாலு வாரம் ஆகும். நடுவில் நிறுத்திவிடாதீர்கள்" என்றார். சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும் மருந்துக்கு ஏன் இத்தனை தாமதம்? ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு இது உறுத்தியது. படிக்க ஆரம்பித்தேன்.

பிறந்தபின் மூளையில் புதிய செல் தோன்றாது என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். 1960-களில் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலிகளிடம் அவை தோன்றுவதைக் காட்டினார். அன்று அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இது நடக்கிறது. மனிதருக்கும் உண்டென்று 1998-ல் சொன்னார்கள். 2018-ல் ஒரு குழு மறுத்தது, 2019-ல் இன்னொரு குழு உண்டு என்றது. வழக்கு முடியவில்லை. எலி விஷயத்தில் சந்தேகமில்லை.

இந்தப் பிறப்புக்குக் கொடி காட்டுவது யார்? மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா குழுவினர் இதைத் தேடியிருக்கிறார்கள். மூளையில் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைக் குறைத்தால் தாய்ச் செல்கள் பிரிவது குறைகிறது; பிறந்தவை பிழைப்பதில் மாற்றமில்லை. இது 2002-ல். செல்லின் மேல் இருக்கும் ஏற்பிகள்தான் அந்த ரசாயனத்தை வாங்கிக்கொள்கின்றன. 2010-ல் தெரிந்தது இன்னும் சுவாரசியம்: பீட்டா-3 ஏற்பி வழியாக வந்தால் தாய்ச் செல் விழிக்கிறது, ஆல்ஃபா-2 வழியாக வந்தால் அடங்குகிறது. ஒரே மின்சாரம், ஒரு ரிலே பச்சையைப் போடுகிறது, இன்னொன்று சிவப்பை! ஆல்ஃபா-2-ஐ அடைத்துவிட்டு மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தபோது எலிகளுக்குப் பலன் சீக்கிரம் வந்தது. (இதைக் கேட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம்!)

தாமதத்துக்குக் காரணம் இதில் ஓரளவு தெரிகிறது. பிறந்த செல் வளர்ந்து, கிளை விட்டு, மற்றவற்றோடு இணையப் பல வாரம் வேண்டும். புதுப் பாதை போட்ட அன்றே வண்டி விடுவோமா? பாதுகாப்பு ஆணையர் பார்த்து ஒப்புதல் தரவேண்டாமா? 2003-ல் சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் எக்ஸ்-ரே பாய்ச்சிப் புதிய செல் பிறப்பதைத் தடுத்தார்கள். சில சோதனைகளில் மருந்து பலிக்கவே இல்லை. இதுவே முழுக் காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்லவில்லை.

எனக்கு நாலாவது வாரம் சரியாகத் தொடங்கியது. என் மூளையில் எது நடந்ததோ! சக்கரத்தில் ஓடும் சுண்டெலிகளுக்குப் புதிய செல்கள் அதிகம் என்று 1999-ல் கண்டிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து, பனிமூட்டம் விலகியதும் லோதி தோட்டத்தில் இரண்டு சுற்று நடக்கிறேன்.