அறுபதுக்கு மேல் எந்தப் பயிற்சி? நடை, வலு, யோகா, சமநிலை: ஓர் ஒப்பீடு

தினமும் காலையில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடப்பவர்தான். ஆனால் தாழ்வான சோபாவிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது. இப்படிப்பட்டவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்களுடைய நடையில் குறையில்லை. நடை கொடுக்காத ஒன்றை நடையிடம் எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

வயதாக ஆக மூச்சுத் தெம்பு, தசை வலு, மூட்டுகளின் வளையும் தன்மை, சமநிலை என நான்கும் குறைகின்றன. ஒரே பயிற்சி நான்கையும் காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றைப் பிரித்தே சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க முடியாது. எதை முதலில் பிடிப்பது?

முதலில் இரண்டு சோதனைகள்

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுக்குள் ஆண்கள் 12, பெண்கள் 11 முறைக்குக் கீழே போனால் கால் வலு போதவில்லை. 70 முதல் 74 வரை ஆண்களுக்கு அதே 12, பெண்களுக்கு 10.

அடுத்தது, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் நில்லுங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடுதல்.

நடை

செலவில்லை, ஆசிரியர் வேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனநிலைக்கும் நல்லது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ‘பத்தாயிரம் அடி’ என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரியாக 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடம்கூட, 2,700 அடி மட்டும் நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் பூங்காவின் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காயம் பட்டாலும் தெரியாது.

வலுப் பயிற்சி

நம் ஊரில் பெரியவர்கள் அதிகம் ஒதுக்குவது இதைத்தான். “இந்த வயசுல எதுக்கு தண்டால் பஸ்கி?” என்பார்கள். 1990இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதையொட்டியவர்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

ஜிம் தேவையில்லை. நாற்காலியில் எழுந்து உட்காருதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல், தண்ணீர் பாட்டிலைத் தூக்குதல் போதும். பத்து முறை செய்தால் கடைசி இரண்டு கடினமாக இருக்க வேண்டும். சுலபமாக இருந்தால் சுமையைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். இட்லியும் சோறும் மட்டும் தசை வளர்க்காது; சுண்டல், பருப்பு, முட்டை, மீன் ஏதாவது தட்டில் சேரட்டும்.

யோகா

உடல் வளையும், மூச்சு சீராகும், மனப் பதற்றம் தணியும். ஆனால் மெதுவான வகுப்புகள் நடை அளவுக்கு இதயத்துக்கு வேலை கொடுப்பதில்லை. ஆசனத்தைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். சிரசாசனத்தில் கண்ணழுத்தம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்களின் ஆய்வு 2006இல் காட்டியது. கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாக முன்குனியும் ஆசனங்களைத் தவிர்க்கவும். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி யோகா உண்டு.

சமநிலைப் பயிற்சி

சீனத்துத் தை சி இதில் முன்னணியில் நிற்கிறது. எழுபது வயதைக் கடந்து, விழும் ஆபத்தில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், அதைத் தழுவிய பயிற்சி, வெறும் தசை நீட்டல் செய்தவர்களோடு ஒப்பிட்டால் விழுதலை 58 சதவீதம் குறைத்தது. சொல்லித்தர ஆள் கிடைக்காத ஊரில் சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்கலாம், தரை ஓட்டின் கோட்டில் அடிமேல் அடி வைக்கலாம். எட்டு போட்டு நடப்பதும் இரு பக்கமும் திரும்பப் பழக்கும். ஈர மொட்டைமாடியும் தேய்ந்த செருப்பும் வேண்டாம்.

மனதுக்கு எது?

சுடோகு போடுவதா, சங்கத்தில் சேர்வதா என்றால் சங்கத்துக்கே என் வாக்கு. மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ நாம் சரிசெய்யக்கூடிய ஆபத்துக் காரணிகளாக 2024 லான்செட் ஆணையம் 14ஐப் பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, கேட்கும் திறன் குறைவு ஆகியவை அதில் உள்ளன. காது கேளாதவர் கூட்டத்தைத் தவிர்ப்பார், தனிமை தானே வரும். ஆகவே முதலில் காதுக் கருவி. கொங்குப் பக்கம் வள்ளிக் கும்மி ஆடும் பெரியவர்களுக்கு உழைப்பு, நினைவு, கூட்டம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

யாருக்கு எது முதலில்?

- நாற்காலிச் சோதனையில் குறைந்தவருக்கு: வலுப் பயிற்சி.
- கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது விழுந்தவருக்கு: இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் சமநிலையும் வலுவும். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.
- இரண்டு சோதனையிலும் தேறி, சர்க்கரை மட்டும் கூடுதலாக உள்ளவருக்கு: சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிட நடை.
- மூட்டுவலிக்காரருக்கு: தொடைத் தசையை வலுப்படுத்தியபடி, தாங்கும் அளவுக்கு நடை.
- தூக்கமின்மை, பதற்றம் உள்ளவருக்கு: மூச்சுப் பயிற்சியோடு யோகா.
- தனியாக இருப்பவருக்கு: எந்தப் பயிற்சிக்குக் கூட்டம் கிடைக்கிறதோ அது.

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எதுவும் முடிவாகவில்லையா? இப்போது நடக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தைக் கழித்து, வாரம் மூன்று நாள் தசைக்குக் கொடுங்கள். அறுபதுக்கு மேல் பெரும்பாலோருக்குக் குறைவது அதுதான்.