வேரூன்றும் காலம்

நுழையும்முன்

மரக்கன்று நடுவது ஒருநாள் நிகழ்வு. அதனை மரமாக்குவது சில ஆண்டுகள் நீளும் கடமை. விழா எடுத்து நட்ட கன்றுகளுள் பல, முதற்கோடையிலேயே பட்டுப்போகின்றன. அதன் காரணத்தையும் காக்கும் வழிகளையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கன்று வாடுவது ஏன்?

மண்ணிலுள்ள நீரை உறிஞ்சுவதில் வேர்நுனியை ஒட்டிய நுண்ணிய வேர்த்தூவிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இடம்பெயர்த்து நடும்போது அவற்றுள் பல அறுபடுகின்றன. இலைகளோ வழக்கம்போல் நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன. வரவு குறைந்தும் செலவு குறையாத குடும்பம்போலக் கன்று தளர்கிறது. சில கன்றுகள் இலைகளை உதிர்த்துத் தம்மைக் காத்துக்கொள்ளும். அவற்றை இறந்தனவெனக் கருதிப் பிடுங்கிவிடலாகாது. பட்டையை நகத்தால் மெல்லக் கீறும்போது உள்ளே பசுமை தெரிந்தால், அங்கே உயிர் இருக்கிறது.

நடும் முறை

நெகிழிப் பையில் நெடுநாள் வளர்ந்த கன்றின் வேர்கள் வட்டமாகச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் அவை மண்ணில் பரவாமல் தம்மையே சுற்றிக்கொள்ளும். அத்தகைய மரம் பார்வைக்குச் செழித்தாலும் பெருங்காற்றைத் தாங்காது. ஆகவே பையைக் கிழித்தெடுத்து, சுருண்ட வேர்களைப் பிரித்துவிட்டு, வேரும் தண்டும் கூடுமிடம் நிலமட்டத்தில் அமையுமாறு நடவேண்டும். மிக ஆழமாகப் புதைத்தால் வேர்கள் காற்றின்றித் திணறும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நடும் கன்றுக்குக் கோடை வருமுன் வேர்விட அவகாசம் கிடைக்கும்.

நீரும் மூடாக்கும்

முதற்சில வாரங்கள் வேரைச் சுற்றிய மண் உலராதவாறு அடிக்கடி நீர் ஊற்றவேண்டும். பின்னர் இடைவெளியை மெல்ல நீட்டி, ஒவ்வொரு முறையும் மண் ஆழமாக நனையுமாறு பாய்ச்சவேண்டும். மேலோட்டமாகத் தெளிக்கும் நீரை நாடி வேர்கள் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். ஆழத்து ஈரமே அவற்றைக் கீழ்நோக்கி அழைக்கும். கன்று வளர வளரப் பாத்தியையும் அகலப்படுத்துக.

சருகு, வைக்கோல், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றால் மூடாக்கு இட்டால் ஈரம் நிற்கும், களையும் குறையும். மூடாக்கு தண்டைத் தொட்டால் பட்டை அழுகக்கூடும். ஆதலால் நான்கு விரல் இடைவெளி விடுக.

ஊன்றுகோலில் கன்றை இறுக்கிக் கட்டலாகாது. காற்றில் சிறிதே அசையும் தண்டுதான் தடிக்கும். கன்று தானே நிற்கத் தொடங்கியதும் கட்டை அவிழ்த்துவிடவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகையில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. இழந்த நிழல், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் மீளாது. வேரூன்றிய கன்றுகளாலேயே மீளும்.

கற்பவை கற்றபின்

பள்ளி வளாகத்திலோ தெருவிலோ அண்மையில் நடப்பட்ட கன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு பேணுக. நீர் ஊற்றிய நாள், புதுத்தளிர் தோன்றிய நாள், கோடையில் கண்ட மாற்றம் ஆகியவற்றைக் குறித்துவைத்து வகுப்பில் கலந்துரையாடுக.