சிறிய வீடு, பிறகு வளரும் வீடு

வரக்காப்பொலவுக்குத் திரும்பும் குடும்பங்களே, 2016 மே 17இல் இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியது. ஆகவே அத்திவாரம் வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டைப் பெறுங்கள்.

7 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 1,900 சதுர அடி. முதலில் ஓர் அறை, சமையலறை, மலசலகூடம் போதும். அடுத்த அறைக்குச் சமதரையில் பக்கத்து இடத்தை ஒதுக்குங்கள். அந்தப் பக்கச் சுவரில், பிறகு கதவு வைக்கும் இடத்துக்கு மேல் இப்போதே லின்டல் போடுங்கள். பின்னர் சுவரை உடைத்தாலும் வீடு தாங்கும்.

இடம் போதவில்லையென்று பின்புற மண்மேட்டை வெட்டாதீர்கள். அடி வெட்டப்பட்ட மேடு மழையில் சரியும். கூரைநீரைப் பீலியில் பிடித்துக் கானுக்கு விடுங்கள்.

நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.