கடைமடைக்கு நீர் சேருமா?

தஞ்சைத் தரணியில் 'கடைமடை' என்ற சொல்லைக் கேளாதவர் இலர். கால்வாயின் கோடியில் உள்ள வயல்களையே அவ்வாறு அழைக்கிறோம். அணை திறந்த செய்தி கேட்டு மகிழ்ந்த கடைமடை உழவர், நாற்றங்காலில் நாற்று முற்றியும் நீர் வராமல் வாடுவதுண்டு. திறந்த நீர் எங்கே போயிற்று? இதைக் கணக்கிட்டு அறிய உதவுவதே நீரியல் மாதிரி.

மேட்டூர்த் திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் சுமார் 148 கிலோமீட்டர் நீளமுடையது. புதுக்கோட்டை மாவட்டம் வரை செல்கிறது. இத்தனை தொலைவுக்கும் இரவும் பகலும் ஆள் நிறுத்தி நீரை அளக்க இயலுமா? ஆகவே மாதிரி தேவையாகிறது.

மாதிரி இருவகைப்படும். முதலாவது உருவ மாதிரி. அணை, மதகு முதலியவற்றைச் சிறிய அளவில் கட்டி, நீரை ஓடவிட்டு ஆராய்வது இம்முறை. 1944-இல் தொடங்கப்பட்ட பூண்டி நீரியல் ஆய்வு நிலையம் இதற்குப் பெயர் பெற்றது. உருவத்தை 25-இல் ஒரு பங்காக்கினால், நீரின் வேகம் 5-இல் ஒரு பங்காக இருக்கவேண்டும் என்பது விதி.

இரண்டாவது கணித மாதிரி. கால்வாயின் அகலம், சரிவு, மதகுகளின் அளவு ஆகியவற்றைக் கணிப்பொறிக்குக் கொடுத்தால், எவ்விடத்தில் எவ்வளவு நீர் ஓடும் என்று அது கணக்கிடும். இதற்கு அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் அளித்த சூத்திரம் பயன்படுகிறது. கால்வாயின் சொரசொரப்பு மிகுந்தால் நீரின் வேகம் குறையும் என்பது அதன் சாரம்.

ஓர் உதாரணம் காண்போம். 4 மீட்டர் அகலமும் நேரான சுவர்களும் உள்ள கால்வாயில் 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் ஓடுகிறது. சரிவு 2,500 மீட்டருக்கு 1 மீட்டர். சொரசொரப்பு எண் 0.020 ஆயின், நொடிக்குச் சுமார் 3,050 லிட்டர் செல்லும். புல்பூண்டு மண்டி அவ்வெண் 0.030 ஆனால், அதே ஆழத்தில் 2,030 லிட்டரே செல்லும். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது!

அப்படியானால் தலைப்பில் கூடுதலாகத் திறந்தால் என்ன? மேற்பகுதியில் நீர்மட்டம் உயரும். அங்குள்ள மதகுகள் இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். கரை உடையவும் கூடும். கடைமடையின் குறை முழுதும் தீராது. தூர்வாருவதா, மதகைச் சீராக்குவதா, முறைவைத்து நீர் விடுவதா என்பதை மாதிரியில் முன்னதாகவே சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் மாதிரி சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கால்வாயில் நேரில் அளந்த நீர்மட்டத்தோடு அது ஒத்திருக்கவேண்டும். ஒவ்வாவிடில் சொரசொரப்பு எண்ணைத் திருத்தி மீண்டும் கணக்கிடுவர். அதன் பிறகே நான்கு கேள்விகளுக்கு விடை காண்பர்: நீர் போதுமானதா? உரிய காலத்தில் வருகிறதா? எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா? வீணாகாமல் சேர்கிறதா?

தோழியரே, நாம் கால்வாயில் எறியும் ஒரு பிளாஸ்டிக் பையும் ஓட்டத்தைத் தடுக்கும். அதன் விளைவை அனுபவிப்பவர் நாம் காணாத தொலைவில் இருக்கும் உழவரே. அவரை நினைத்து, நம் ஊர் வாய்க்காலைத் தூய்மையாக வைத்திருப்போம்.