நல்ல பெயரில் வரும் பொய் மடல்

இடம்பெயர்ந்து வாழும் நாம் நிவாரணம், காணி, காணாமற்போன உறவினர் பற்றிய செய்தி என எதையாவது எதிர்பார்த்தே இருக்கிறோம். இந்த எதிர்பார்ப்பே மோசக்காரரின் முதல். இன்று அவர்களது கருவி மின்னஞ்சல்.

நடந்தவை

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் தாக்கியது. சில நாட்களிலேயே, 2005 ஜனவரியில், அமெரிக்காவின் எவ்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை விடுத்தது. நிவாரணத்தின் பெயரால் பணம் கேட்கும் பொய் மின்னஞ்சல்கள் உலாவின. கட்டணம் தந்தால் காணாமற்போனவரைத் தேடித் தருவோம் என்றவர்களும் இருந்தனர்.

படித்தவர்களும் ஏமாறுவர். வேலை தேடுபவர் போல அனுப்பிய மின்னஞ்சல் வழியாகக் கள்வர் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுள் புகுந்தனர். 2016 பெப்ரவரியில் 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. மேலும் 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அப்பெயரிலிருந்த எழுத்துப்பிழையைக் கண்ட வங்கி விளக்கம் கேட்டதால் அப்பணம் தப்பியது. நிதானமாக வாசித்த ஒரு கண் காத்தது.

எப்படி இனங்காண்பது?

கடித உறையின் பின்புறத்தில் எவரும் ஆயரின் பெயரை எழுதலாம். மின்னஞ்சலிலும் அப்படியே. ஆகவே பெயரை விட்டு, கேட்கப்படுவதைப் பாருங்கள்.

1. உதவி தருவதாகக் கூறி முதலில் காசு கேட்கிறதா? அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகரகத்தின் சேவைகள் யாவும் இலவசமானவை.
2. "இன்றே அனுப்பு, ஒருவருக்கும் சொல்லாதே" என்கிறதா?
3. கடவுச்சொல், வங்கி அட்டையின் இரகசிய எண் ஆகியவற்றைக் கேட்கிறதா? இவற்றை எந்த வங்கியும் மின்னஞ்சலில் கேட்பதில்லை.

என்ன செய்வது?

பதில் எழுதாதீர்கள், அதிலுள்ள இணைப்புகளைத் திறக்காதீர்கள். அந்த மடலில் உள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், கிராம அலுவலரிடமோ, பிரதேச செயலகத்திலோ, குறித்த அமைப்பின் அலுவலகத்திலோ நேரில் விசாரியுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் பெயரில் அவசரமாகக் காசு கேட்டு வந்தால், முன்பு தெரிந்த எண்ணில் அழைத்துக் குரலைக் கேளுங்கள். காசு போய்விட்டால் தாமதியாது வங்கிக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணியை 101இல் அழைக்கலாம். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்த வீட்டாரும் ஏமாறுவர்.

கலந்துரையாட

- அன்புவழிபுரத்தில் நாம் யாருடைய பெயரைக் கேட்டவுடன் நம்புகிறோம்? ஏன்?
- பிள்ளைகளின் தொலைபேசிக்கு வரும் மடல்களை வீட்டில் யார் சேர்ந்து வாசிக்கலாம்?